கட்டைவிரல் நின்ற இடம்

மணி பார்க்கத்தான் போனை எடுத்தோம். கீழே வைக்கும்போது இருபது நிமிடம் ஓடியிருக்கிறது; மணி என்ன என்று கேட்டால் தெரியாது. மனக்கட்டுப்பாடு இல்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். அதில் பாதித் திட்டு, திரையை வடிவமைத்தவர்களுக்குப் போக வேண்டியது.

புத்தகத்தில் அத்தியாயம் முடியும். பழைய இணையதளங்களில் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அடுத்த பக்கம் வேண்டுமென்றால் நாம்தான் அழுத்த வேண்டும். அழுத்துவதற்குள் ‘போதுமா?’ என்று மனம் ஒரு கணம் கேட்டுவிடும். 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லா ஸ்க்ரோல், அதாவது கீழே தள்ளத் தள்ளப் பதிவுகள் தானாக வந்துகொண்டே இருக்கும் ஏற்பாடு, அந்தக் கணத்தை எடுத்துவிட்டது. கிளிக் செய்யும் தொல்லையைக் குறைக்கத்தான் அவர் அதைச் செய்தார். பின்னாளில் அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார்.

உள்ளே நடப்பது பெரிய மாயம் இல்லை. பதிவுகளின் வரிசையில் கடைசிக்குச் சற்று முன்பாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கோடு இருக்கும். அது திரையை நெருங்கியதும், ‘இன்னும் கொஞ்சம் அனுப்பு’ என்று ஆப் சர்வரைக் கேட்கும். விரல் அங்கே போய்ச் சேர்வதற்குள் அடுத்த தொகுதி வந்து இறங்கியிருக்கும்.

சரி, நிற்க இடமில்லை என்பதற்காகவே யாரும் போய்க்கொண்டே இருப்பார்களா? இங்கேதான் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் புறாக்கள் வருகின்றன. எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தபோது, அவை விடாமல் கொத்தின. தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டிருந்தன. பத்துப் பதிவில் ஒன்பது சப்பென்று இருப்பது ஃபீடின், அதாவது திரையில் ஓடும் அந்தப் பதிவு வரிசையின், பலவீனம் என்று நினைக்கிறோம். புறாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் என்றால் இன்பம் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். மூளை ஆராய்ச்சியாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டியது அதுவல்ல. எதிர்பாராத பரிசு கிடைத்தபோது டோபமின் செல்கள் துள்ளின; எதிர்பார்த்த பரிசே வந்தபோது சும்மா இருந்தன; எதிர்பார்த்தது வராதபோது வழக்கத்தைவிட அடங்கின. அவை அளந்தது பரிசை அல்ல, கணக்குக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தை.

அப்புறம் ஃபீடில் பதிவுகள் வரும் வரிசையே மாறியது. 2016-இல் இன்ஸ்டாகிராம், நேர வரிசையை விட்டுவிட்டு, நமக்குப் பிடிக்கும் என்று தான் கணிப்பவற்றை முன்னால் வைக்கத் தொடங்கியது. டிக்டாக் இன்னும் ஒரு படி தாண்டியது: யாரைப் பின்தொடர்கிறோம் என்பதே அங்கு அவ்வளவு முக்கியமில்லை. மலைபோல் குவிந்த வீடியோக்களிலிருந்து ஒரு கைப்பிடியை முதலில் வடிகட்டி, ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்ப்போமா, பகிர்வோமா என்று மதிப்பெண் போட்டு அடுக்குவதே இத்தகைய அல்காரிதத்தின் வேலை.

ஒருவர் பழைய கைக்கடிகாரத்தைப் பிரித்துத் துடைக்கும் 40 நொடி வீடியோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லைக் இல்லை, கமெண்ட் இல்லை. முழுதும் பார்த்தோம்; அது மறுபடி ஓடத் தொடங்கியபோதும் 5 நொடி நின்றோம். அந்த 45 நொடிதான் நாம் போட்ட ஓட்டு. கோரமான விபத்துக் காட்சியில் அதே நேரம் அதிர்ந்து உறைந்தாலும் ஆப்பின் கணக்கில் 45 நொடி என்றுதான் பதியும். அருவருப்பில் நின்றோமா, ஆசையில் நின்றோமா என்பது அந்த எண்ணில் இல்லை. ‘ஆர்வமில்லை’ என்ற பொத்தானைத் தேடி அழுத்தினால் உண்டு. தேடுகிறவர்கள் எத்தனை பேர்?

பழக்கத்தை மாற்ற உறுதிமொழியைவிடச் சின்னத் தடங்கல் அதிகம் உதவும் என்பது என் கட்சி. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று ஆக்கியது. யாரையும் தடுக்கவில்லை, பொறுமை இருந்தால் ஒவ்வொருவருக்காக அனுப்பிக்கொண்டே போகலாம். ஆனால் அப்படிப்பட்ட ஃபார்வேர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. நானும் ஒரு ஆப்பை முகப்புத் திரையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளினேன். அந்த இடத்தில் கால்குலேட்டர் வந்து உட்கார்ந்தது. ஒரு வாரம் முழுக்க, காரணமே இல்லாமல் கால்குலேட்டரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபீடுக்குள்ளேயே நிறுத்தக்கோடு போட முடியாதா என்றால், போட்டுப் பார்த்தார்கள். கடந்த இரண்டு நாள் பதிவுகளையெல்லாம் பார்த்து முடித்தவர்களுக்கு, ‘எல்லாம் பார்த்துவிட்டீர்கள்’ என்று சொல்லும் ஒரு வரியை 2018-இல் இன்ஸ்டாகிராம் வைத்தது. 2020-இல் அந்த வரிக்குக் கீழே, நாம் பின்தொடராதவர்களின் பதிவுகள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கின.