இரைச்சலுக்கு அடியில் 77 பிட்

ரேடியோவைக் கணினியோடு இணைத்துக் குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்டி8 என்ற முறையை முதன்முதலாகக் கேட்க உட்கார்ந்த ராத்திரி, திரை முழுக்கக் கோடுகள். ரேடியோவில் வரும் சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, மேலிருந்து கீழாக ஒழுகவிடும் படத்தை, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம்கள் வாட்டர்ஃபால் என்பார்கள். அதில் இருபது முப்பது சிக்னல்கள் பளிச்சென்று தெரிகின்றன, எழுத்தாக மட்டும் ஒன்றுகூட வரவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். சவுண்ட் கார்டு அமைப்பை மாற்றிப் பார்த்தேன். மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றரை மணி நேரம் போன பிறகுதான் கணினியின் கடிகாரம் நாலு விநாடி பிந்தி ஓடுவது கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்து பதினைந்து விநாடி ஆகியிருக்கும், இருபது வரிகள் மளமளவென்று கொட்டின.

ரேடியோவுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? மோர்ஸிலோ குரலிலோ பேசுகிறவர்கள் விநாடி முள்ளைப் பார்ப்பதில்லை. எஃப்டி8-இல் ஒவ்வொரு நிமிடமும் நான்கு துண்டுகள். ஒரு துண்டில் நான் அனுப்புவேன், அடுத்த துண்டில் எதிர்முனைக்காரர் அனுப்புவார். பதினைந்து விநாடியில் அனுப்புவதற்கு 12.64 விநாடி, மிச்சம் கணினி பிரித்துப் படிக்க. சிக்னல் எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் ஓடும், உள்ளே எத்தனை பிட் இருக்கும் என்று கேட்கிற கணினிக்கு முன்கூட்டியே தெரியும். நாலு விநாடி தள்ளிப்போனால் அந்த முன்னறிவு அத்தனையும் வீண்.

ஹாம் வானொலியின் டிஜிட்டல் முறைகள் எல்லாமே இப்படி ஒரு பேரம்தான். எதையாவது விட்டுக்கொடுத்தால் எதையாவது வாங்கலாம். எஃப்டி8 விட்டுக்கொடுத்தது அரட்டையை. வாங்கியது தூரத்தை.

இதை 2017-இல் வெளியிட்டவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கும் ஜோ டெய்லரும். இருவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்தும், சிக்னலில் மாறி மாறி ஒலிக்கும் எட்டுச் சுரமும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். டெய்லர் வேறு யாருமல்ல, 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்து, அதற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். விண்ணிலிருந்து வரும் மங்கிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்துப் பழகிய கை. அவர் 2001-இல் எழுதத் தொடங்கிய டபிள்யூஎஸ்ஜேடி மென்பொருளே, எரிநட்சத்திரம் கிழித்துப்போகும் தடத்தில் ரேடியோ அலை பட்டுத் திரும்பும் அந்தக் கண நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான்.

எஃப்டி8 பற்றிப் பேசும் எவரும் முதலில் சொல்வது, “இரைச்சலுக்கு 21 டெசிபல் கீழே இருக்கிற சிக்னலையும் படிக்கும்” என்பது. 21 டெசிபல் என்றால் சுமார் 125 மடங்கு. சிக்னலைவிட இரைச்சல் 125 மடங்கு பெரிதாக இருந்தும் படிக்க முடிகிறதென்றால் மாயமந்திரம்போலத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்த இரைச்சலை அளந்தது 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில், அதாவது ஒருவர் குரலில் பேசினால் பிடிக்கும் இடம் முழுவதிலும். எஃப்டி8 எந்த நேரத்திலும் ஒலிப்பது ஒரே ஒரு சுரத்தை. அதைப் பிடிக்க 6.25 ஹெர்ட்ஸ் அகலமுள்ள சன்னல் போதும். 2500-ஐ 6.25-ஆல் வகுத்தால் 400. இரைச்சல் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், நம் சன்னல் வழியாக உள்ளே வருவது அதில் நானூற்றில் ஒரு பங்குதான். அப்புறம் பார்த்தால், சன்னலுக்குள் சிக்னல்தான் இரைச்சலைவிட மூன்று மடங்கு பெரிது.

6.25 என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை. ஒவ்வொரு சுரமும் 0.16 விநாடி ஒலிக்கிறது. 1-ஐ 0.16-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் கேட்கிறோமோ அவ்வளவு துல்லியமாக அதன் அதிர்வெண் தெரியும், சன்னலையும் அந்த அளவுக்கு ஒடுக்கலாம். நிதானமாகப் பேசினால் சன்னல் சிறுக்கும், இரைச்சல் வெளியே நிற்கும். இதே பேரத்தை எல்லை வரை கொண்டுபோனது டெய்லரின் இன்னொரு முறையான விஸ்பர். வெறும் 50 பிட்டை அனுப்ப ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு மின்திறனில் கடல் தாண்டிக் கேட்கிறது.

சரி, 12.64 விநாடியில் என்னதான் சொல்லலாம்? 77 பிட். எழுத்துக்கு ஏழு பிட் வீதம் பதினோரு ஆங்கில எழுத்து எழுதினாலே 77 பிட் ஆகிவிடும். அதற்குள் இரண்டு அழைப்புக்குறி (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய ரேடியோப் பெயர்), அவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஓர் இடக்குறி எல்லாம் அடங்கவேண்டும். என்னைக் கேட்டால் எஃப்டி8-இல் ரசிக்கவேண்டிய இடம் இதுதான்.

ஓர் அழைப்புக்குறியை ஆறு இடங்களாக வைத்துக்கொள்கிறார்கள். முதல் இடத்தில் எழுத்தோ எண்ணோ வெற்றிடமோ வரலாம், 37 வாய்ப்பு. இரண்டாவதில் வெற்றிடம் கிடையாது, 36. மூன்றாவது கட்டாயம் எண், 10. கடைசி மூன்றும் எழுத்தோ வெற்றிடமோ, தலா 27. பெருக்கினால் 26,21,77,560. இரண்டை 28 முறை பெருக்கினால் 26,84,35,456. அதாவது உலகில் வழக்கமான வடிவில் இருக்கக்கூடிய எந்த அழைப்புக்குறியையும் 28 பிட்டுக்குள் அடக்கி, அதற்கு மேலும் அறுபது லட்சம் எண்கள் மிஞ்சுகின்றன. ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்கும் சிக்யூ அழைப்பு அந்த மிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இடக்குறியிலும் இதே கைவேலை. பூமியை மெய்டன்ஹெட் முறைப்படி 18-க்கு 18 ஆக 324 பெரிய கட்டங்களாகவும், ஒவ்வொன்றையும் நூறு சிறு கட்டங்களாகவும் பிரித்தால் 32,400 வரும். 15 பிட்டில் 32,768 எண்கள் அடங்கும். மிஞ்சிய 368-ஐயும் வீணாக்கவில்லை. சிக்னல் எத்தனை டெசிபலில் கேட்டது என்ற தகவலும், ‘வந்து சேர்ந்தது, வாழ்த்துகள்’ என்னும் ஆர்ஆர்73-யும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு 28, ஒரு 15, சில்லறைக்கு 6. மொத்தம் 77.

இந்த 77-உடன் பிழை கண்டுபிடிக்க 14 பிட், பிழை திருத்த 83 பிட் சேர்த்து 174 ஆக்குகிறார்கள். திருத்தும் முறையை ராபர்ட் காலகர் 1960-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அன்றைய கணினிகளுக்கு அந்தக் கணக்கு தாங்கவில்லை, 1990-களில்தான் மறுபடி தூசி தட்டி எடுத்தார்கள். எட்டுச் சுரங்களில் ஒன்று என்றால் ஒரு சுரத்துக்கு மூன்று பிட். ஆக 174 பிட்டுக்கு 58 சுரம். இதுபோக, ஒரு பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதுபோல 3, 1, 4, 0, 6, 5, 2 என்ற ஏழு சுரம் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் வரும். கணினி முதலில் தேடுவது இந்தப் பல்லவியைத்தான். அது கிடைத்துவிட்டால் சிக்னல் எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு நேரம் தள்ளி வருகிறது என்று புரிந்துவிடும். 58-உம் 21-உம் 79 சுரம், தலா 0.16 விநாடி. 12.64 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

‘கணினியும் கணினியும் பேசிக்கொள்கின்றன, உனக்கு அங்கே என்ன வேலை’ என்று பழைய ஹாம்கள் கேலி செய்வார்கள். பாதி நியாயம்தான். எஃப்டி8-இல் இஷ்டத்துக்கு எழுத வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 13 எழுத்து, அவ்வளவே. தட்டச்சு செய்து நிதானமாக அரட்டை அடிக்க விரும்புகிறவர்களுக்கு பீட்டர் மார்ட்டினெஸ் 1998-இல் பிஎஸ்கே31 கொடுத்தார். அதில் சுரம் மாறாது, அலை மட்டும் தலைகீழாகப் புரளும். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சிறிய ஈ எழுத்துக்கு 11 என்ற இரண்டே பிட், அபூர்வ எழுத்துகளுக்கு நீளமான குறியீடு. மோர்ஸில் அதே ஈ ஒற்றைப் புள்ளியாக இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், இன்னொரு ரேடியோவில் வாட்டர்ஃபாலைப் பாருங்கள். ஓர் அளவு வரை ஒரே மெல்லிய கோடு. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நகல்கோடுகள் முளைக்கும். மின்திறன் கூடியதாக நமக்குத் தோன்றும், உண்மையில் அக்கம்பக்கத்தில் பேசுகிறவர்களின் காதில் மண்ணைப் போட்டுக்கொண்டிருப்போம்.

போட்டி என்று வரும்போது பேரத்தின் விலையே மாறிவிடுகிறது. குறித்த நேரத்துக்குள் எத்தனை பேரைப் பிடிக்கிறோம் என்பதுதான் அங்கே முக்கியம். டிஜிட்டல் போட்டிகளில் மூத்தது ரிட்டி, பழைய டெலிபிரிண்டரின் வாரிசு. 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டே சுரம், ஓர் எழுத்துக்கு 165 மில்லிவிநாடி. பிழை திருத்தம் என்று ஒன்றுமே கிடையாது. ஒரு பிட் புரண்டால் வேறு எழுத்து வந்து நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிட்டியில் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே ஐந்து பிட் குறியீடுகள்தான். ‘இனி வருவது எண்’ என்று சொல்லும் தனிக் குறி ஒன்று முன்னால் போகும். இரைச்சல் அந்த ஒற்றைக் குறியைத் தின்றுவிட்டால், எண்களெல்லாம் விசைப்பலகையில் தங்களுக்குக் கீழே இருக்கும் எழுத்துகளாக மாறிவிடும். போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் சிக்னல் தரம் 599 என்றே கொடுப்பார்கள், காதில் விழுந்ததா இல்லையா என்பதே சந்தேகமாக இருந்தாலும். 5-க்குக் கீழே டி, 9-க்குக் கீழே ஓ. திரையில் ‘டி-ஓ-ஓ’ என்று வந்தால் பழகியவர்கள் கண்ணிமைக்காமல் 599 என்று படித்துக்கொண்டு போவார்கள். அடுத்து வரும் வரிசை எண் 124 என்றால் அது ‘க்யூ-டபிள்யூ-ஆர்’. பிழை திருத்தும் வேலையைக் கணினி செய்யாவிட்டால் மனிதர் செய்கிறார்.

அதனால்தான் ரிட்டி இன்னும் சாகவில்லை. பதினைந்து விநாடி மணிக்காகக் காத்திருக்க வேண்டாம். நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் பாதி அழைப்புக்குறியைப் பிடித்து, ‘நீ மட்டும் திருப்பிச் சொல்’ என்று கேட்கலாம். கைதேர்ந்தவர்கள் மணிக்கு நூறு தொடர்புகளைத் தாண்டுவார்கள்.

எஃப்டி8-இல் அது முடியாது. போட்டிக்கென்று சுருக்கினாலும் ஒரு தொடர்புக்கு நாலு அனுப்புதல் வேண்டும்: சிக்யூ, பதிலும் இடக்குறியும், ‘கிடைத்தது, இதோ என் இடக்குறி’, கடைசியில் ஆர்ஆர்73. நாலு பதினைந்து அறுபது விநாடி. எதுவும் தவறாமல் போனாலும் மணிக்கு அறுபதுதான். இந்தக் குறைக்காகவே 2019-இல் எஃப்டி4 வந்தது. ஒரு துண்டுக்கு 7.5 விநாடி, தொடர்புக்கு முப்பது விநாடி. விலையும் உண்டு. நேரத்தைப் பாதியாக்கினால் அதே செய்திக்கு இரு மடங்கு மின்திறன் வேண்டும், அதாவது 3 டெசிபல். எஃப்டி4 படிக்கக்கூடிய எல்லை இரைச்சலுக்கு 17.5 டெசிபல் கீழே, எஃப்டி8-ஐவிட மூன்றரை குறைவு. பேண்ட் (பேசுகிற அலைவரிசைப் பட்டை) நன்றாகத் திறந்து சிக்னல்கள் வலுவாக வந்தால் எஃப்டி4, மங்கினால் எஃப்டி8 என்று மாறிக்கொள்வது போட்டிக்காரர்கள் வழக்கம்.

அதே ஆண்டு தொடங்கிய வேர்ல்ட் வைட் டிஜி போட்டியில் புள்ளிக் கணக்கே தூரத்தை வைத்துத்தான். தொடர்புக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு 3000 கிலோமீட்டருக்கும் இன்னொன்று. இந்தக் கூட்டுத்தொகையை, ஒவ்வொரு பேண்டிலும் பிடித்த பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கவேண்டும். கையில் 400 புள்ளி, 40 கட்டம் இருக்கிறதென்று வைப்போம். பழைய கட்டத்தில் இன்னொருவரை 2 புள்ளிக்குப் பிடித்தால் மொத்தத்தில் 80 கூடும். அதே 2 புள்ளிக்காரர் புதுக் கட்டத்தில் இருந்தால் 482 கூடும். மங்கலான ஒரே சிக்னலுக்காகப் பத்து நிமிடம் மல்லுக்கட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவர் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர்.

போட்டி முடிந்ததும் எல்லோர் லாகையும், அதாவது தொடர்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டையும், கணினி ஒன்றோடொன்று ஒப்பிடும். என் லாகில் இருக்கிற, ஆனால் எதிர்முனைக்காரர் லாகில் இல்லாத தொடர்பு அடிபட்டுவிடும். ரிட்டியில் இது பெரும்பாலும் தவறாகப் படித்த அழைப்புக்குறியால் வரும். எஃப்டி8-இல் அழைப்புக்குறி தவறாக வருவது அரிது, அங்கே சிக்கல் கடைசிச் செய்தியில். நான் ஆர்ஆர்73 அனுப்பிவிட்டேன். அது அவருக்குக் கிடைத்ததா? கிடைத்தது என்று அவர் சொன்னால், அந்தப் பதில் எனக்குக் கிடைத்ததென்று அவருக்கு எப்படித் தெரியும்? கணினி அறிவியலில் இதற்கு இரு தளபதிகள் புதிர் என்று பெயர். நம்பகமில்லாத வழியில் எத்தனை ஒப்புதல் அனுப்பினாலும் இருவருக்கும் முழு நிச்சயம் வராது என்று நிரூபித்தே வைத்திருக்கிறார்கள். ஏதோ ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில் ஆளுக்கு ஆள் பழக்கம் வேறு. என் பழக்கம், ஆர்ஆர்73 போனவுடன் லாகில் பதிந்துவிட்டு அடுத்தவரைத் தேடி ஓடுவது. போன போட்டியில் எனக்கு மூன்று தொடர்புகள் அடிபட்டன. பதிவை எடுத்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே கதை. என் ஆர்ஆர்73 கிடைக்காமல் அவர் ‘கிடைத்தது, இதோ என் இடக்குறி’ என்று மறுபடி, அதற்கும் அடுத்த முறை இன்னொரு தடவை அனுப்பியிருக்கிறார். இரண்டு வரியும் என் திரையில் அழகாக வந்திருக்கின்றன. நான் அதற்குள் வேறொருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.