நீலத்தை ஒளித்து வைத்திருக்கும் சருகு

காட்டுப் பாதையில் நடக்கும்போது கண்ணெதிரே நீலமாக ஏதோ படபடவென்று எழுந்து பறக்கும். அது இறங்கிய புதரில் எட்டிப் பார்த்தால் பூச்சியும் இல்லை, நீலமும் இல்லை. ஒரு சருகு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சருகுதான் பூச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைவளமுள்ள காடுகளில் வாழும் இலைப் பட்டாம்பூச்சி. அறிவியல் பெயர் கல்லிமா ஹார்ஸ்ஃபீல்டி.

இறக்கையை விரித்தால் சுமார் 10 சென்டிமீட்டர் அகலம் வரும். மேற்புறம் கருநீலம், முன்னிறக்கையின் குறுக்கே வெளிர்நீலப் பட்டை, நுனிப்பக்கம் கறுப்பு. இறக்கையை மூடியதும் இவ்வளவும் உள்ளே போய்விடும். துரத்தி வந்த பறவை நீலத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

அடிப்புறத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னிறக்கையின் சிறு வால் இலைக் காம்பு போல நீண்டிருக்கும். அங்கிருந்து கிளம்பும் ஒரு கருங்கோடு முன்னிறக்கையின் கூர்நுனிவரை ஓடும்: இலையின் நடுநரம்பு. இரண்டு தனித்தனி இறக்கைகளில் பாதிப் பாதியாக வரைந்த கோடு அது. அருங்காட்சியகத்தில் இறக்கையை விரித்துக் குத்தி வைத்திருந்தால், நடுவில் முறிந்து நிற்கும். பூச்சி உயிரோடு உட்கார்ந்து இறக்கைகளைச் சரியாக அடுக்கினால்தான் கோடு சேரும். தலையும் உணர்கொம்புகளும் இறக்கைகளுக்கு நடுவே மறைந்துவிடும். போதாததற்கு, பூஞ்சை பூத்தது போன்ற புள்ளிகள் வேறு! சுமத்ராவில் இதன் உறவுப் பூச்சி ஒன்றைத் துரத்திய ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸையே இந்த வேடம் திணறடித்திருக்கிறது.

இப்படியொரு வேடம் பரிணாமத்தில் ஒரே தாவலில் வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. 2014இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, உறவினங்களின் இறக்கைக் கோலங்களை ஒப்பிட்டு, அது படிப்படியாகத்தான் உருவானது என்று காட்டியது.

இன்னொரு விஷயம்: ஒரே இனத்திலும் அடிப்புறக் கோலம் பூச்சிக்குப் பூச்சி மாறும். ஒன்று பழுத்த இலை, ஒன்று காய்ந்தது, ஒன்று மக்கத் தொடங்கியது. எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் பறவை சீக்கிரமே பழகிக்கொள்ளும் அல்லவா? நெருங்கிய உறவினமான கல்லிமா இனாகஸில் இந்த வேறுபாட்டோடு கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குத் தொடர்பு இருப்பது 2022இல் தெரியவந்தது.

சரி, எங்கே பார்ப்பது? புழுக்கள் குறிஞ்சிப் பேரினச் செடிகளின் இலையைத் தின்று வளர்பவை. அதனால் மரநிழலில் குறிஞ்சிப் புதர்கள் அடர்ந்த இடமே இதற்கு வீடு. அந்த அடிக்காடு அழிந்தால், மேலே மரம் மட்டும் நின்று பயனில்லை. வளர்ந்த பூச்சியைப் பூக்களில் தேடுவது வீண். விழுந்து அழுகிய பழமும் மரத்தில் கசியும் சாறும்தான் அதன் சாப்பாடு. அழுகிய பழத்தருகே காற்றே இல்லாமல் ஒரு சருகு அசைந்தால் குனிந்து பாருங்கள். நாலு கால் ஊன்றி நின்றுகொண்டிருக்கும். முன்கால் இரண்டும் குட்டையாகி மார்போடு மடங்கியிருக்கும்.