எழினி: ஆண்மகன் பெயர்

எழினி என்று சொன்னதும் பெண் குழந்தையின் பெயர் என்றே இன்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். யாழினி, நளினி என்ற ஓசையோடு சேர்த்துக் கேட்பதால் வரும் முடிவு அது. சங்கப் பாடல்களில் எழினி என்ற பெயரைத் தாங்கியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். வேல் ஏந்தியவர்கள், யானைப்படை வைத்திருந்தவர்கள், தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியர் குடியில் வந்தவர்கள். மகனுக்கு வைக்கத் தகுந்த பழந்தமிழ்ப் பெயர்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

இகரத்தில் முடிவதால் பெண்பெயர் என்று நினைக்க வேண்டியதில்லை. கடையெழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பாரி, ஓரி, காரி, நள்ளி, பேகன், ஆய், அதியமான் நெடுமான் அஞ்சி. எழுவரில் ஐவர் பெயர் இகரத்தில்தான் முடிகிறது. வழுதி பாண்டியன், கிள்ளி சோழன். நம்பி என்பதும் இதே அமைப்புதான். ஒருவரை ஆண் என்று காட்ட 'அன்' விகுதி கட்டாயம் வேண்டும் என்பது பிற்காலத்தில் ஏறிய பழக்கம்.

சொல்லின் நேர்ப்பொருள் திரை, அதாவது திரைச்சீலை. பெயர்ப் பட்டியல்களில் 'அழகானவன்' என்று போட்டிருப்பது எழில் என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டதால் வந்தது. இரண்டையும் 'எழு' என்ற வேரிலிருந்து காட்டுவோர் உண்டு. மேலே எழுவதால், அல்லது எழுப்பப்படுவதால் எழினி. எழுச்சியை உள்ளடக்கிய அழகு எழில். வேர் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் சொற்கள் வேறு. எழினிக்கு அழகு என்ற பொருளில் பழைய ஆட்சி காட்ட முடியாது.

திரை என்ற பொருளுக்கு நல்ல சான்று முல்லைப்பாட்டில் இருக்கிறது. பாசறையில் அரசன் துயிலும் கூடாரத்தை 'திண்ஞாண் எழினி வாங்கிய ஈரறைப் பள்ளி' என்கிறது அந்தப் பாட்டு. திண்ணிய கயிற்றில் திரையை இழுத்துக் கட்டி, ஒன்றை இரண்டு அறையாக்கிய படுக்கையிடம். அதற்கு ஒருசில அடிகள் முன்னால்தான் 'வன்கண் யவனர்', அதாவது மேலைநாட்டுக் காவலர், வருகிறார்கள். வடமொழியில் திரைக்கு வழங்கும் யவனிகா என்ற சொல்லையும் எழினியையும் தொடர்புபடுத்துவோர் இந்த இடத்தை விட மாட்டார்கள். எது எதிலிருந்து வந்தது என்பதில் இரு தரப்பும் பேசுகின்றன. பொருள் ஒன்று என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

சிலப்பதிகாரம் இன்னும் நுட்பமாகப் போகிறது. மாதவி ஆடிய அரங்கில் 3 வகை எழினி. ஒரு பக்கமிருந்து இழுத்து மூடுவது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்று நாடக மேடைக்காரர்கள் படுதா என்பது பாரசீகத்திலிருந்து இந்தி வழி வந்த சொல். தெருக்கூத்தில் இருவர் பிடித்து நிற்க, வேடக்காரர் பின்னாலிருந்து வெளிப்படுவதைத் திரை என்றே சொல்கிறோம். பேச்சுக்குத் திரை போதும்; மேடைத் திரைக்குக் கலைச்சொல் தேவைப்படும் இடத்தில் எழினியைத் தயங்காமல் எழுதலாம்.

திரையைக் குறிக்கும் சொல் அரசனுக்குப் பெயராக இருக்குமா, இரண்டும் வேறு சொற்களோ என்று கேட்பவர்களுக்குப் பதில் கல்லிலேயே இருக்கிறது. போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்ற சமண மலை. எழினி செய்து வைத்த இயக்கன், இயக்கி என்ற சமணக் காவல் தெய்வ உருவங்கள் பழுதுபட்டிருக்க, அஞ்சியின் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் நிறுவியதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வாசகம் தமிழிலும் வடமொழியிலும் இருக்கிறது. தமிழில் எழினி என்று வரும் பெயரை வடமொழிப் பகுதி யவனிகா என்று மொழிபெயர்த்திருக்கிறது. சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னாலும், அந்தக் குடியினர் தங்கள் முன்னோன் பெயரைத் திரை என்ற பொருளிலேயே அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இனி ஆட்களுக்கு வருவோம். புறநானூறு 158 வள்ளல்களை எண்ணும்போது 'ஊராது ஏந்திய குதிரைக் கூர்வேல் கூவிளங் கண்ணிக் கொடும்பூண் எழினி' என்கிறது. ஏறி ஓட்ட முடியாத குதிரை என்பது குதிரைமலை, கூவிளம் வில்வம். சிறுபாணாற்றுப்படை இதே இடத்தில் அதிகன் என்று வைக்கிறது. பாடப்புத்தகங்கள் அதியமான் என்பதையே எடுத்துக்கொண்டதால் எழினி பின்னுக்குப் போனது. பாரியும் அதியமானும் இன்றும் பிள்ளைகளுக்கு வைக்கப்படும் பெயர்களாக இருக்க, எழினி அரிதாகிப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தகடூர் எழினி போரில் இறந்தபோது அரிசில்கிழார் பாடியது புறம் 230. கன்றோடு மேயும் மாடுகள் காட்டிலேயே தங்கலாம், வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் தூங்கலாம், களத்து நெல் காவலில்லாமல் கிடக்கலாம். அப்படி ஆண்டவன் அவன். அவனைக் கொண்டுபோன கூற்றுவனைப் பார்த்துப் புலவர் சொல்வது: நொடித்துப்போன உழவன் விதைநெல்லை எடுத்துத் தின்றதுபோல் செய்துவிட்டாய், இவனை விட்டிருந்தால் இவன் களத்தில் வீழ்த்தும் பகைவர் உயிரையெல்லாம் வயிறாரக் குடித்திருப்பாயே. 'பொய்யா எழினி' என்ற தொடர் இந்தப் பாட்டில்தான் வருகிறது. பெயருக்குப் பொருள் சொல்லும்போது திரை என்பதோடு இந்த அடைமொழியையும் பிள்ளைக்குச் சொல்லித் தரலாம்.

அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. தாமரையின் நடுக்கொட்டைக்குப் பொகுட்டு என்று பெயர். ஔவையார் இவனைப் பாடிய பாட்டுகளில் புறம் 102 தனித்து நிற்கும். உப்பு வண்டி. மாடு இளையது, நுகம் பழகாதது, பாரமோ அதிகம், பள்ளத்தில் இறங்கலாம் மேட்டில் ஏறலாம் என்று வண்டிக்கு அடியில் கட்டி வைக்கும் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, இவன் என்கிறார். எல்லா எழினிக்கும் புகழ் மட்டுமே வாய்க்கவில்லை. சோழனின் யானை வேட்டைக்கு வராத ஒரு எழினியின் பல்லைப் பிடுங்கி வெண்மணி வாயில் கதவில் மத்தி என்பவன் பதித்தான் என்று அகநானூறு 211 சொல்கிறது. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவரிலும் ஓர் எழினி உண்டு. ஒரே ஆளைப் பற்றிய செய்திகளாக இவற்றை ஒட்டிவிடக் கூடாது. குடிக்குள் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட பெயர் இது.

மகனுக்கு வைப்பவர்கள் எழுத்தில் கவனமாக இருக்க வேண்டும். நடுவில் ழகரம், பிறகு றன்னகரத்தில் 'னி'. எளினி, எலினி இரண்டும் பிழை. எயினி என்று எழுதினால் சொல்லே மாறிவிடும். அது எயினர் குலப் பெண்ணைக் குறிப்பது, குறமகள் இளவெயினி என்ற பெண்பாற் புலவர் பெயரில் இருப்பது. அதனால் 'இள' சேர்த்து இளவெழினி என்று வைப்பதைத் தவிர்ப்பது நல்லது, கேட்பவர் காதில் இளவெயினி என்றே விழும். பள்ளிப் படிவத்தில் பெண் என்று குறித்துவிடுவார்களோ என்ற கவலை இருந்தால் எழினியரசன், எழினிவேந்தன், அதியன் எழினி என்று நீட்டிக்கொள்ளலாம். விளிக்கும்போது நம்பி நம்பீ ஆவதுபோல எழினி எழினீ ஆகும்.

ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு இசட், எச் இரண்டும் போட வேண்டும். எல் போட்டால் வெளியூர்க்காரர் எலினி என்று படிப்பார். எலெனி கிரேக்கத்தில் பெண் பெயர். பிறப்பைப் பதிய 21 நாள். பெயரில்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயரை மாற்றுவது கடினம். ஆகவே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி அலுவலரிடம் கொடுங்கள், வாயால் சொல்லி எழுத வைக்காதீர்கள். சான்றிதழ் அச்சாகும் முன் திரையில் ழகரத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.