பனிச்சறுக்கு தெரியாத குடும்பம் பனியைத் தேடிப் போகும்போது

குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்து தருவது என் தொழில். ஆகஸ்ட் பிறந்ததும் ஒரு வகை அழைப்பு வரத் தொடங்கும். "கிறிஸ்துமஸ் லீவுக்கு ஸ்னோ பார்க்கணும். ஆனா ஸ்கீயிங் எல்லாம் எங்களுக்கு வராது." இதில் முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்தின் விடுமுறையையே கெடுத்திருக்கிறேன்.

அப்பா, அம்மா, பதினொரு வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன், பாட்டி. ஆல்ப்ஸ் மலையில் ஒரு ஸ்கீ கிராமம், சரிவை ஒட்டியே ஹோட்டல். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் காலை அந்த அம்மா போன் செய்தார். "எட்டரை மணிக்கெல்லாம் ஊரே ஸ்கீயைத் தோள்ல போட்டுக்கிட்டு மேல போயிடுது மேடம். நாலு மணிக்குத்தான் திரும்புது. நடுவுல நாங்க அஞ்சு பேரும் லாபியில உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருக்கோம்." சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போடவில்லை, அதுதான் உறுத்தியது. அந்த ஹோட்டலுக்கு அவ்வளவு வாடகை இருந்ததே சரிவுக்குப் பக்கத்தில் இருந்ததால்தான். அந்தச் சரிவில் இவர்கள் கால் வைக்கவே முடியாது.

அன்றிலிருந்து ஓர் ஊரைப் பார்க்கும்போது, ஸ்கீ தெரியாதவருக்கு அங்கே காலை பத்து மணிக்கு என்ன வேலை என்றுதான் முதலில் பார்க்கிறேன். நடக்கப் பாதை இருக்கிறதா, ஸ்லெட்ஜ் (உட்கார்ந்தபடி பனியில் சறுக்கும் சிறு வண்டி) விட இடம் இருக்கிறதா, ஐஸ் ரிங்க், நீச்சல் குளம் ஏதாவது உண்டா? சுவிட்சர்லாந்தில் குளிர்கால நடைபாதைகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் வழிகாட்டிப் பலகை வைத்திருப்பார்கள். பனியைச் சமன்படுத்திய பாதை. நல்ல பூட்ஸ் இருந்தால் பாட்டியும் நடக்கலாம். ஊர் வரைபடத்தில் அந்த இளஞ்சிவப்புக் கோடுகள் நிறைய இருந்தால் நல்ல அறிகுறி. கேபிள் கார்களில் நடந்து வருபவர்களுக்கென்று தனி டிக்கெட் கிடைக்கும். ஆனால் சில நாற்காலி லிஃப்ட்களில் ஸ்கீ இல்லாதவரை ஏற்ற மாட்டார்கள். இதை முன்பே கேட்டுவிட வேண்டும்.

நான் அடிக்கடி பரிந்துரைப்பது சுவிட்சர்லாந்தின் கிழக்கே உள்ள பெர்கூன். கோடையில் கார் ஓடும் ஆல்புலா கணவாய்ச் சாலையைக் குளிர்காலத்தில் மூடி, அதன் ஒரு பகுதியை ஸ்லெட்ஜ் பாதையாக்கிவிடுகிறார்கள். மேலே பிரேடா என்ற குட்டி ரயில் நிலையம், 1,789 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து சுமார் 6 கி.மீ. சறுக்கிக்கொண்டே பெர்கூனில் இறங்கலாம். இறங்கியதும் ரயில் ஏறினால் மறுபடி பிரேடா. அந்த ரயில் பாதையே 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. மலைக்குள் சுருள் சுருளாகச் சுற்றித்தான் ஏறும். பிள்ளைகளுக்குச் சறுக்கலைவிட ரயில் பிடித்துப்போவதும் உண்டு. பாதை திறப்பது அந்த ஆண்டின் பனியைப் பொறுத்தது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லெட்ஜ்தானே என்று எளிதாக நினைக்காதீர்கள். அதில் பிரேக் என்பது உங்கள் இரண்டு கால்கள்தான். பாதத்தை முழுசாகத் தரையில் பதித்து அழுத்த வேண்டும். முதல் அரை மணி நேரம் ஊருக்குள் இருக்கும் சின்ன மேட்டில் பழகுங்கள். ஹெல்மெட் எல்லோருக்கும், அப்பாவுக்கும் சேர்த்து. அப்புறம், சில பயணக் காப்பீடுகள் ஸ்லெட்ஜையும் குளிர்கால விளையாட்டுக் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடும். "நாங்கள் ஸ்கீ செய்யப்போவதில்லை" என்று படிவத்தில் குளிர்கால விளையாட்டுக்கான கட்டத்தை டிக் செய்யாமல் விட்டவர்கள், மணிக்கட்டு உடைந்த பிறகு பாலிசியைப் படிக்கிறார்கள்.

சரி, பனி. தமிழில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனிதான், விடியலில் மூடும் மூட்டமும் பனிதான், வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனிதான். அதனால் பனி வேண்டும் என்பவரிடம், விழுகிற பனியா, கிடக்கிற பனியா என்று திருப்பிக் கேட்பேன். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. பிரிட்டனின் வானிலைத் துறை, டிசம்பர் 25-ஆம் தேதியின் 24 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு பனித்துகள் விழுவதைக் கண்டாலே அதை வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்று கணக்கில் எழுதிவிடும். கனடாவில் அன்று காலை 7 மணிக்குத் தரையில் 2 செ.மீ. பனி கிடக்க வேண்டும். ஸ்லெட்ஜ் விட வேண்டிய குடும்பத்துக்குக் கனடாக் கணக்குதான் சரிப்படும், அதுவும் 2 செ.மீ. போதாது.

வியன்னா, நியூரம்பர்க், ஸ்ட்ராஸ்பர்க் போன்ற கிறிஸ்துமஸ் சந்தை நகரங்கள் தாழ்வான இடங்கள். வாழ்த்து அட்டையில் பார்த்த மாதிரி வெள்ளையாக இருப்பது அங்கே அதிர்ஷ்டம்தான்; மழைக்கோட்டோடு நின்ற குடும்பங்கள்தான் எனக்கு அதிகம். ஆல்ப்ஸ் என்றால் 1,500 மீட்டருக்கு மேலே தங்குங்கள் என்பது என் சொந்த விதி. சுவிட்சர்லாந்தின் செர்மாட், மியூரன் இரண்டும் 1,600 மீட்டரை ஒட்டியவை, இரண்டிலும் சாதாரணக் கார்களுக்கு அனுமதியில்லை. சின்னப் பிள்ளைகள் தெருவில் ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு ஓட இதைவிட என்ன வேண்டும்? கிரிண்டல்வால்ட் 1,034 மீட்டர்தான். ஊர் பச்சையாக இருக்கலாம், கேபிள் காரில் மேலே போனால் வெள்ளை. அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டால் அதுவும் நல்ல ஊர்.

உயரம் வேண்டாமென்றால் வடக்கே போக வேண்டும். ஃபின்லாந்தின் ரோவனியெமியில் கிறிஸ்துமஸுக்குத் தரையில் பனி இருக்கும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்வேன். ஆனால் வடக்கே போகப்போக வெளிச்சம் குறையும். டிசம்பர் 21-ஐ ஒட்டி ரோவனியெமியில் சூரியன் தலைகாட்டுவது இரண்டேகால் மணி நேரம்போல. நார்வேயின் ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. கும்மிருட்டு என்று அர்த்தமில்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீலமான ஒரு வெளிச்சம் பனியில் படிந்திருக்கும், அது தனி அழகு. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கே ராத்திரி ஆகிவிட்டால் ஐந்து வயதுக் குழந்தை நான்கு மணிக்குத் தூங்கி, இரவு பன்னிரண்டுக்கு எழுந்து விளையாடும். அதனால் வடக்கு ஊர்களுக்கு நான் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெளி நிகழ்ச்சிதான் போடுவேன். பத்தரைக்குக் கிளம்பி இரண்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். "இவ்வளவு செலவு செய்து போகிறோம், ஒண்ணே ஒண்ணா?" என்று எல்லோரும் கேட்பார்கள். போய்வந்த பிறகு யாரும் கேட்டதில்லை.

இரவு வானில் தோன்றும் வடக்கத்திய ஒளி (அரோரா) தெரியும் என்று பிள்ளைகளுக்கு மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது.

இந்தத் தொழிலில் நான் அதிகம் பேசுவது கையுறையைப் பற்றித்தான். ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை உள்ள கையுறையில் ஒவ்வொரு விரலும் தனியாகக் குளிரும். நான்கு விரலும் ஒன்றாகப் படுத்திருக்கும் பைபோன்ற மிட்டன்தான் பிள்ளைகளுக்கு. ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒன்று கட்டாயம் நனையும், நனைந்ததைக் காயப்போட்டு எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விடும். பருத்தி உடையை உடம்பை ஒட்டிப் போடாதீர்கள். வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு தடிமனான சாக்ஸைப் போட்டு இறுக்கமான பூட்ஸுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் இன்னும் குளிர்ந்துதான் போகும்.

பெரியவர்கள் ஏமாறும் இடம் ஹஸ்கி சவாரி. நாய்கள் பனிவண்டியை இழுத்துக்கொண்டு ஓடும், குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெளியே மைனஸ் 20, வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் முகத்துக்கு அது மைனஸ் 30 போல. அந்த அளவில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். ஒருமுறை நானே உடன் போயிருந்தேன். முதல் பத்து நிமிடம் "குளிருது, குளிருது" என்று புலம்பிய பையன் அப்புறம் சத்தமே போடவில்லை. பழகிவிட்டான் என்று அவன் அப்பா சிரித்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி முகத் துணியை விலக்கிப் பார்த்தால், கன்னத்தில் நாணய அளவுக்கு மெழுகு மாதிரி ஒரு வெளுப்பு. உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டே குடிசைக்குத் திரும்பினோம். ஐந்து நிமிடத்தில் சிவந்து, பையன் அழ ஆரம்பித்தான். அந்த அழுகை கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது.

இப்படி வெளுத்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். விரல் என்றால் அக்குளில் வைத்துக்கொள்ளலாம், அல்லது 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீர். நிறம் திரும்பவில்லை, உணர்ச்சி வரவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நீண்ட நடை போகாதீர்கள்; நடக்கிற உங்களுக்கு வியர்க்கும், தொங்குகிற அதன் காலுக்கு வியர்க்காது. காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வாரை மாட்டி, மேலே போர்த்துங்கள். உப்பிய ஜாக்கெட்டின் மேல் மாட்டிய வார் விபத்தில் தளர்ந்துவிடும். வெயில் அடிக்கும் நாளில் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி, பிள்ளைகளுக்கும்தான். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.

சுவிட்சர்லாந்தில் ரயிலில் ஏறிப் போகும் யுங்ஃப்ராவ்யோக் கணவாய்க்குப் போகலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. 3,454 மீட்டர், ரயில் உங்களை ஒரே காலையில் கொண்டுபோய் விட்டுவிடும், உடம்பு அவ்வளவு சீக்கிரம் வராது. கைக்குழந்தையோடு வேண்டாம் என்பேன். இதய நோயோ நுரையீரல் தொந்தரவோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

இன்னொன்று, கிறிஸ்துமஸ் நாளில் பல ஊர்களில் கிறிஸ்துமஸ் சந்தை இருக்காது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நியூரம்பர்க் சந்தை 24-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஃபின்லாந்து, நார்வேயில் 24-ஆம் தேதி மாலைதான் பண்டிகையே. மதியத்துக்கு மேல் கடைகள் மூடத் தொடங்கும், 25, 26 இரண்டும் விடுமுறை. ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் 24-ஆம் தேதி நண்பகலில் கிறிஸ்துமஸ் அமைதிப் பிரகடனத்தை வாசிப்பார்கள், 1320-களிலிருந்து வரும் பழக்கம். வாசித்த பிறகு நாடே அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். 23-ஆம் தேதிக்குள் பாலும் ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். ஈர உடைகளைக் காயப்போட இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாறுதலுக்கு ஜப்பானின் ஹொக்கைடோ. கொட்டுகிற பனி, 25-ஆம் தேதி அங்கே பொது விடுமுறையே இல்லை. புத்தாண்டை ஒட்டித்தான் மூடுவார்கள்.

ஆல்ப்ஸ் ஊர்களில் பண்டிகை வாரத்தில் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் அறை தருவோம் என்று பல இடங்களில் சொல்வார்கள். ஸ்கீ தேவையில்லாதவர்கள் பக்கத்துச் சின்ன ஊரில் தேடினால் நான்கு நாளுக்கும் கிடைக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படுபவர்கள் ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு என்பது விதி, 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடமுண்டு. அக்டோபரில் என்னிடம் வருபவர்களுக்கு நான் பனியைப் பற்றிப் பேசுவதற்கு முன் விசாவைப் பற்றித்தான் பேசுவேன்.

லாபியில் உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பம் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப என்னிடமே வந்தது, அது அவர்கள் பெருந்தன்மை. இந்த முறை ஸ்லெட்ஜ் மேடு உள்ள ஒரு சின்ன ஊர், ஆறு நாள். ஒவ்வொரு நாளுக்கும் என்ன என்று நான் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன். வந்ததும் கேட்டேன், எது பிடித்தது என்று. ஆறில் நான்கு நாள் அந்த மேட்டிலேயே இருந்தார்களாம். பாட்டி இரண்டு தடவை சறுக்கியிருக்கிறார், பேரனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு. பட்டியலின் இரண்டாம் பக்கத்தை அவர்கள் பிரிக்கவே இல்லை.