உப்புத் தண்ணீர் பட்ட கமராவை அரிசிக்குள் புதைக்காதீர்கள்

நீண்ட விடுமுறை ஒன்று முடிந்த மறுநாள் என் கமராத் திருத்தும் கடையைத் திறந்தால், மேசைக்கு வரும் முதல் சாமான் பெரும்பாலும் அரிசிப் பைதான். பைக்குள்ளே கமரா இருக்கும். போன வாரமும் அப்படித்தான். திருகோணமலை டச்சுக்குடாக் கரையில் நின்று சூரிய உதயம் எடுத்தவர் அலையில் நனைந்த கமராவை மூன்று நாள் சிவப்புப் பச்சையரிசிக்குள் புதைத்து வைத்திருந்திருக்கிறார். "அண்ணே, இப்ப காஞ்சிருக்கும். ஒருக்காப் போட்டுப் பாருங்கோ" என்று நீட்டினார்.

பற்றரிக் கதவைத் திறந்தால் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறது. மெமரி கார்டு போடும் வாயில் ஒரு குறுணல் சிக்கியிருக்கிறது. அதற்கு மேலால் கார்டை அமுக்கியதில் உள்ளே ஊசி ஒன்று மடங்கிப்போயிருக்கிறது. கடல் பாதியைச் செய்தது, மீதியை அரிசி செய்தது.

"அரிசி ஈரத்தை இழுக்காதா அண்ணே?"

"கொஞ்சம் இழுக்கும் தம்பி. உப்பை ஆர் இழுக்கிறது?"

இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது, அதனால் எழுதியே வைக்கிறேன். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு எங்கேயும் போகாது, சர்க்கிட் பலகையிலேயே படிந்து கிடக்கும். கடல் உப்புக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் அதை இழுத்துத் திரும்பவும் நசநசத்துக்கொள்ளும். திருகோணமலைக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? பற்றரியும் உள்ளே இருந்துவிட்டால் மின்சாரம் சேர்ந்து அரிப்பை இன்னும் விரட்டும். காய்கிறது என்று நீங்கள் காத்திருக்கும் அந்த நாட்களில்தான் பலகை அரிபடுகிறது. திறந்த அலுமாரித் தட்டில் வைத்தாலும் அரிசிக்குள் இருக்கிற அளவு காயும், தவிடும் தூசியும் உள்ளே போகாது. என் பேச்சை நம்பாவிட்டால் பரவாயில்லை, போனை அரிசியில் போடாதீர்கள் என்று 2024இல் ஆப்பிள் நிறுவனமே சொல்லிவிட்டது.

சரி, அலை அடித்துவிட்டது. என்ன செய்வது? உடனே ஓஃப் செய்யுங்கள். பற்றரியைக் கழற்றுங்கள், கார்டையும் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள், பெரும்பாலான கமராக்கள் அந்த ஒரு தடவையில்தான் போகின்றன. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அன்றைக்கே ஒரு திருத்துநரிடம் கொடுங்கள். தலைமயிர் உலர்த்தும் மெசின் வேண்டாம், வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம். "என்ர போன் வோட்டர்ப்ரூஃப்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐபி68 என்று போன் பெட்டியில் போட்டிருக்கும் நீர்புகாத் தரத்துக்கான சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். கடல் பட்டால் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, சார்ஜ் போடும் வாய் நன்றாகக் காயும்வரை சார்ஜரைச் செருகாதீர்கள்.

கடலில் நனையாமலே கெடுகிற கமராக்களும் உண்டு. உப்புவெளியில், நிலாவெளியில் அறை எடுப்பவர்கள் இரவு முழுக்க ஏசியைப் போட்டுவிட்டு விடியப்புறம் ஐந்தரைக்குக் கமராவோடு வெளியே ஓடுவார்கள். கோணேசர் கோவில் மலையில் போய் மூடியைத் திறந்ததும் லென்ஸ் வெள்ளையாகப் பனிக்கும். சூரியன் வரப்போகிற அவசரத்தில் சாரத் தலைப்பாலோ ரீசேட்டாலோ ஒரு தேய்ப்பு. திரும்பவும் பனிக்கும், திரும்பவும் தேய்ப்பு. தயவுசெய்து தேய்க்காதீர்கள். கண்ணாடியில் ஏற்கெனவே உப்புத் தூள் படிந்திருக்கும், சந்தேகம் என்றால் பக்கத்தில் நிற்கிற வான் வண்டியின் கண்ணாடியை விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். முதலில் காற்றுப் பம்பால் ஊதிவிட்டுப் பிறகுதான் துணி. அதைவிட நல்லது, பையை மூடியபடியே அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு முன்பே ஏசி இல்லாத இடத்துக்கு மாற்றி வைப்பது. அல்லது படுக்கும்போதே ஏசியை நிற்பாட்டுங்கள், ஒரு நாள் வேர்த்தால் ஒன்றும் ஆகாது. பனித்திருக்கும் நேரத்தில் லென்ஸை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் இந்தத் தொல்லை எல்லாமே கூடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் கடல் அடங்கியிருக்கும், அப்போது தூசி வரும்.

சூரியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்குக் கரை என்பதால் கடலுக்குள்ளிருந்தே ஏறும். சிவந்து விளிம்பில் நிற்கிற அந்தச் சில நிமிடம் படம் எடுங்கள். அது வெள்ளையாக மாறிய பிறகும் நீள லென்ஸை அதற்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றால், சின்ன வயதில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கடதாசி எரித்த விளையாட்டுத்தான் உள்ளே நடக்கும். சென்சரிலும் ஷட்டர் திரையிலும் பொட்டுப் பொட்டாகக் கருகியவற்றைப் பார்த்திருக்கிறேன். பழைய மாதிரிக் கண்ணாடித் துவாரத்தால் பார்க்கிறவர்கள் கண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள், அது நான் திருத்துகிற சாமான் இல்லை. மதிலில் கமராவை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும்போது மூடியைப் போடவும்.

உண்மையில் எல்லோரும் ஏன் ஒரே சூரியனையே எடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு திரும்புங்கள். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோவிலை இடித்து 1624இல் கட்டிய கோட்டை, 1639இல் ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு ஆங்கிலேயர் பிரெட்ரிக் என்று பெயர் வைத்தது, அதன் கற்களில் அந்த மஞ்சள் வெளிச்சம் பக்கவாட்டாக விழும்போதுதான் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். உட்துறைமுக வீதிக்குப் போனால் சூரியன் உங்களுக்குப் பின்னால், அக்கரை மலைகள் முன்னால். அங்கே அலையும் குறைவு, என் வேலையும் குறைவு. கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும், படத்துக்காகப் பாண் துண்டு காட்டிக் கூப்பிடாதீர்கள். உள்ளே இராணுவம் இருக்கிறது, முகாமையும் காவலரணையும் எடுக்க வேண்டாம். ட்ரோனை அனுமதி இல்லாமல் ஏற்ற வேண்டாம். மலையில் கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் கமராவில் கண்ணை வைத்தபடி பின்னால் அடி எடுத்து வைக்கவே வேண்டாம்.

1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இதே மலையடியில் கடலுக்குள் இறங்கித்தான் பழைய கோவிலின் இடிபாடுகளைக் கண்டு படம் எடுத்தார்கள். கடலுக்கு அடியில் படம் எடுக்கக் கமராவை நீர்புகா உறைக்குள் பூட்டவேண்டும் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரியும். கரையில் நிற்கிற நமக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் பை போதும். லென்ஸ் வாய்க்கு ஓட்டை போட்டு ரப்பர் வளையத்தால் இறுக்கினால் சாரல் உள்ளே போகாது.

ஊருக்குப் போனதும் ஈரப் பையை அப்படியே அலுமாரிக்குள் தள்ளாதீர்கள். லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது அங்கேதான். கமராவைத் துடைத்து, பையை வேறாகக் காயவிட்டு, ஈரத்தை இழுக்கிற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். ஏற்கெனவே நனைந்ததைக் கொண்டுவருபவர்கள் கார்டைத் தனியாகக் கழற்றி, காய்ந்த கடதாசியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். கமரா பிழைக்காவிட்டாலும் படங்களை எடுத்துத் தர முடிகிற தடவைகள் நிறைய உண்டு. அந்தக் கார்டும் அரிசிக்குள் கிடந்துதான் வரவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.