நாளத்தில் ஏற்றிய மச்சை எலும்புக்குள் போவது எப்படி?

எலும்புக்குள்ளிருக்கும் மென்மையான பகுதிதான் மச்சை. அதைப்பற்றி உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மச்சை மாற்றுவதென்றால் பிள்ளையின் எலும்பைத் திறக்கத்தானே வேண்டும்? சேலைன் மாதிரி ஏற்றுகிறார்களாம். அது எலும்புக்குள் எப்படிப் போகும்?"

நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படியான குறைபாடுகளில் கொடியது ஸ்கிட் எனும் பரம்பரை நோய். கிருமிகளை எதிர்க்கும் வெண்கலங்களில் ஒரு வகையான டி கலங்கள் உருவாகாது. சாதாரணத் தடிமனே உயிரை எடுத்துவிடும். இரத்தக் கலங்கள் யாவும் மச்சையிலுள்ள மூலக் கலங்களிலிருந்தே வருவதால், நல்ல மூலக் கலங்களைக் கொடுத்தால் குறை தீரும். 1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மருத்துவர் ரொபர்ட் குட் குழுவினர் ஐந்து மாதக் குழந்தைக்கு அக்காவின் மச்சையைக் கொடுத்து வென்றார்கள். கூடப்பிறந்த ஒருவரின் திசு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று.

சரி, கேள்விக்கு வருவோம். கொடுப்பவரின் இடுப்பெலும்பில் ஊசியால் உறிஞ்சிய மச்சை, பிள்ளையின் நாளத்தில் ஏறுகிறது. மூலக் கலங்கள் இரத்தத்தோடு உடலெங்கும் சுற்றுகின்றன. மச்சையின் நுண்நாளச் சுவரில் செலக்டின் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடிவரும் கலம் அவற்றில் பட்டுப் பட்டு உருண்டு, வேகம் குறைகிறது. அந்த நேரத்தில்தான் அதற்கு ஒரு சைகை எட்டுகிறது. மச்சைக்குள்ளிருக்கும் கலங்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற சிறு புரதத்தை ஓயாமல் சுரக்கின்றன. மூலக் கலத்தின் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 என்ற புரதம் அதை உணர்கிறது. ரொட்டி சுடும் மணத்தை வைத்தே கடையைக் கண்டுபிடிப்பதுபோலத்தான். உணர்ந்ததும் கலம் சுவரை இறுகப் பற்றி, நெளிந்து நுழைந்து, உள்ளே குடியேறுகிறது. எலும்பைத் திறக்கத் தேவையே இல்லை!

இன்னும் அழகான சங்கதி ஒன்று உண்டு. பிளெரிக்சாஃபோர் என்ற மருந்து இந்த உணர்வை மறித்தால், மூலக் கலங்கள் பிடியை விட்டு இரத்தத்துக்கு வந்துவிடும். அப்படி வரவைத்து, கொடுப்பவரின் கை நாளத்திலிருந்தே சேகரிக்கவும் முடிகிறது.

குடியேறிய கலங்கள் சில கிழமைகளில் வெண்கலங்களை உண்டாக்கத் தொடங்கும். புதிய டி கலங்கள் நெஞ்சிலுள்ள தைமஸ் என்ற சுரப்பியில் பழகி வர மாதங்கள் எடுக்கும்.

மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்த ஸ்கிட் பிள்ளைகளில் 94 வீதமானோர் ஐந்து வருடம் கடந்தும் உயிரோடிருந்ததாக 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. எங்கள் ஊரில் பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தால் நாவூறு என்று நூல் கட்டுவார்கள், தாயின் ராசியைக் குறை சொல்வார்கள். அதிலேயே மூன்றரை மாதமும் போய்விடும். இது யாருடைய கண்ணும் பட்டு வருவதில்லை, தாயின் குற்றமும் இல்லை. இலங்கையில் பிறந்த பிள்ளையின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைரொயிட் குறைபாட்டைப் பார்க்கிறார்கள். அதுபோன்ற உலர்ந்த துளியிலேயே ஸ்கிட்டையும் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 2008இல் தொடங்கிவிட்டது. சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் இந்தப் பரிசோதனைக்கும் ஒரு பங்கு வேண்டும். திருகோணமலையில் பிறக்கும் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும்.