மின்சார கார் வாங்கினால் அரசு எவ்வளவு விட்டுத்தருகிறது? கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு, கார் மாற்ற நினைக்கும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "மின்சார காருக்கு மானியம் எவ்வளவு?" என்பதுதான். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு மத்திய அரசின் பண மானியம் ஒரு ரூபாய்கூட இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ஷோரூமுக்குள் போவது நல்லது.

2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த ஃபேம் என்ற மத்திய அரசின் மின்வாகன மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில்கூட, நான்கு சக்கர வண்டிகளுக்கான மானியம் வாடகைக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் ஓடும் வண்டிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024 அக்டோபர் 1 அன்று 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டம் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகள், பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ், சார்ஜிங் நிலையங்கள் ஆகியவற்றுக்கானது. கார் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஸ்கூட்டருக்கு மானியம் வாங்கியவர்கள் சொல்வதைக் கேட்டு, காருக்கும் அப்படி ஒரு தொகை வரும் என்று பலர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

கார் வாங்குபவருக்குக் கிடைப்பதெல்லாம் கட்ட வேண்டாத வரியும் கட்ட வேண்டாத கட்டணமும்தான். தொகை பெரியது. ஆனால் அது கைக்கு வருவதில்லை. கொட்டேஷனில் இல்லாமல் இருக்க வேண்டிய ஒரு தொகை, அவ்வளவே. இருக்கக் கூடாத தொகை இருந்தால் கண்டுபிடிக்க வேண்டியவர் வாங்குபவர்தான்.

ஜி.எஸ்.டி.யில் தொடங்குவோம். மின்சார காருக்கு 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22இல் வரி அடுக்குகள் மாறியபோதும் இது மாறவில்லை. அதே நாளில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதமும் பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் ஆனது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார் இந்த 5 சதவீதத்துக்குள் வராது. சாலை வரியும் காப்பீடும் சேராத எக்ஸ் ஷோரூம் விலையிலேயே இந்த வரி அடங்கியிருக்கிறது. ஆகவே "ஜி.எஸ்.டி. சலுகை" என்று தனியாக ஒரு தொகையைக் கழித்துக் காட்டினால், அது டீலர் தரும் தள்ளுபடிக்கு வைத்த பெயர் மட்டுமே. வீட்டில் மாட்டும் சார்ஜருக்கும் 5 சதவீதம்தான்; பில்லில் 18 சதவீதம் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் வாங்குபவருக்குப் பெரிய லாபம் இதில்தான். 2023 நவம்பர் 9 முதல் புதிய காருக்கான வாழ்நாள் வரி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பேட்டரியில் மட்டும் ஓடும் வண்டிக்கு இதில் நூறு சதவீத விலக்கு உண்டு. 15 லட்சம் ரூபாய் பெட்ரோல் காருக்கு 2,70,000 ரூபாய் வரி. அதே விலை மின்சார காருக்குப் பூஜ்யம். ஒன்பதரை லட்சம் காரில் 1,23,500 ரூபாய் மிச்சம். விலை ஒப்பிடும்போது எக்ஸ் ஷோரூம் விலையை எக்ஸ் ஷோரூம் விலையோடு ஒப்பிட்டுவிட்டு, "மின்சார கார் மூன்று லட்சம் அதிகம்" என்று பின்வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலையை ஆன் ரோடு விலையோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

இது தேதி வைத்த விலக்கு. 2025 டிசம்பர் 31 வரை இருந்ததை 2027 டிசம்பர் 31 வரை அரசு நீட்டித்திருக்கிறது. வரி, பதிவின்போது கட்டுவது. எனவே முன்பணம் கட்டிய நாளைப் பார்க்காமல் வண்டி பதிவாகும் நாளைப் பாருங்கள். காத்திருப்புக் காலம் நீளமான மாடலைக் கடைசி மாதங்களில் புக் செய்பவர்கள், தாமதமானால் வரியை யார் ஏற்பது என்று டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதிவுக் கட்டணமும் கிடையாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட அறிவிக்கை, பேட்டரி வண்டிகளுக்கு ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) வழங்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் இல்லை என்கிறது. புதிய காருக்கு இது 600 ரூபாய் விஷயம்தான். பதினைந்து ஆண்டு கழித்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது பெட்ரோல் காருக்கு ஆயிரக்கணக்கில் ஆகும், அப்போது இதன் அருமை தெரியும். கடன் வாங்கியிருந்தால், அதை ஆர்.சி.யில் குறிக்கும் ஹைபோதிகேஷன் பதிவுக்கு 1,500 ரூபாய் உண்டு. வரியும் இல்லை, பதிவுக் கட்டணமும் இல்லை என்ற பிறகு, கொட்டேஷனில் "ஆர்.டி.ஓ. செலவுகள்" என்று மொத்தமாக இருபது, முப்பதாயிரம் போட்டிருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரசு ரசீது உண்டா என்று கேட்டாலே அந்தத் தொகை பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம்.

காப்பீட்டில் 15 சதவீதத் தள்ளுபடி என்று விளம்பரம் சொல்லும். அது, நம் வண்டியால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2022 ஜூன் 1இல் வந்த கட்டணப் பட்டியல்படி புதிய மின்சார காருக்கு மூன்று ஆண்டுப் பிரீமியம், மோட்டார் திறன் 30 கிலோவாட் வரை 5,543 ரூபாய், 65 வரை 9,044, அதற்கு மேல் 20,907. இதன் மேல் ஜி.எஸ்.டி. தனி. இந்தக் கிலோவாட் மோட்டாரின் திறன், பேட்டரியின் கொள்ளளவு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு "30 யூனிட் பேட்டரிதானே, முதல் அடுக்கு" என்று நினைப்பவர்கள் உண்டு. டியாகோ இவியின் 55 கிலோவாட் மோட்டார் நடு அடுக்கில் வரும். நெக்ஸான் இவியின் மோட்டார் 90 கிலோவாட்டுக்கு மேல், அதனால் கடைசி அடுக்கு. அதே நெக்ஸானின் பெட்ரோல் என்ஜின் 1,199 சிசி. அதற்கு மூன்று ஆண்டுக்கு 10,640 ரூபாய்தான். தள்ளுபடி போகவும் மின்சார வண்டிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதற்காக வாங்காமல் இருக்க வேண்டியதில்லை, கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். சொந்தச் சேதக் காப்பீட்டில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தண்ணீர் புகுந்தால் ஈடு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளம் நிற்கும் தெருக்களில் இந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

வருமான வரியில் இரண்டு விஷயம். காரின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) வசூலிப்பார், மின்சார காருக்கு இதில் விலக்கு இல்லை. உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருக்கும், ரிட்டர்ன் போடும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். 15 லட்சம் காரில் 15,000 ரூபாய், விட்டுவிடாதீர்கள். அடுத்தது, கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை கழிவு தந்த 80இஇபி பிரிவு. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே அது பொருந்தும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. இன்று கடன் வாங்குபவருக்கு அது இல்லை. விற்பனையாளர் இன்னமும் அதைச் சேர்த்து லாபக் கணக்குப் போட்டுக் காட்டினால் அந்தத் தொகையை அடித்துவிடுங்கள்.

இனி வீட்டு மின்சாரம். ஓட்டுச்செலவு உண்மையில் குறைகிறதா என்பது இங்கேதான் தீர்மானமாகும்.

சொந்த வண்டியை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம், அனுமதி எதுவும் வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதுவும் அடுக்கு முறையில். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட் ஆனால் 2,093 ரூபாய் 55 காசு. ஒரே யூனிட்டில் 289 ரூபாய் ஏறக் காரணம், 500ஐத் தாண்டியதும் கீழ் அடுக்குகளில் கிடைத்த கூடுதல் சலுகை போய்விடுகிறது. முதல் 100 யூனிட் மட்டும் இலவசமாக நிற்கும்.

ஒரு வீட்டைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட், பில் 940 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார் வருகிறது. ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்து, சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு 320 யூனிட். மொத்தம் 670 யூனிட். பில் 3,615 ரூபாய். காருக்காக ஏறியது 2,675 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 34 காசு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும், அதே 2,000 கிலோமீட்டருக்கு 13,300 ரூபாய் ஆகும். ஏற்கெனவே 800 யூனிட் ஓடும் வீட்டில் காரின் யூனிட்கள் 10 ரூபாய் 70 காசு, 11 ரூபாய் 80 காசு அடுக்குகளில் விழும். அப்போதும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயை எட்டாது. வெளியில் வேகச் சார்ஜரையே நம்பியிருப்பவருக்குத்தான் லாபம் சுருங்கும். யூனிட் 20 ரூபாயும் அதற்கு மேலும் கேட்கும் இடங்கள் உண்டு, அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.

இரண்டு வகைச் சார்ஜர் வருகிறது. வண்டியோடு தரும் 3.3 கிலோவாட் சார்ஜர் 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவது. 40 யூனிட் பேட்டரி நிரம்பப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆகும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் ஆறரை மணி நேரத்தில் முடித்துவிடும். முதலாவதில் வரும் கோளாறு சாக்கெட் உருகுவது. ஏ.சி. நின்று நின்று ஓடும். கார் பத்து மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். வாஷிங் மெஷினுக்குப் போட்ட பழைய லைனில் செருகினால் திருகு தளர்ந்த முனை சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பேறி, கடைசியில் கருகும். மீட்டர் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) போடுங்கள். 7.2 கிலோவாட்டுக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, 40 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டுக்கும் எர்த் சரியாக இருந்தே ஆக வேண்டும். சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிட்டால், வண்டியைச் சர்வீஸுக்கு அனுப்பும் முன் எர்த் குழியைப் பாருங்கள். பல வீடுகளில் அது வருடக்கணக்கில் காய்ந்து கிடக்கிறது.

மின் பில்லில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று இருக்கும். ஒருமுனை இணைப்பு வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜரைச் சேர்த்தால் மும்முனைக்கு மாறவும் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்கவும் வேண்டி வரும். மும்முனை வந்த பிறகும் இந்தச் சார்ஜர் ஒரே முனையில்தான் 32 ஆம்பியர் இழுக்கும். ஏ.சி.யும் மோட்டாரும் அதே முனையில் இருந்தால் இரவில் டிரிப் ஆகும். வயர்மேனிடம் சார்ஜருக்கு ஒரு முனையை ஒதுக்கச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர் தன் சொந்த மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை கேபிள் இழுப்பதுதான் சிக்கல் குறைந்த வழி. பொது இணைப்பில் செருகினால் கட்டண வகை வேறு, 100 யூனிட் இலவசமும் இல்லை, பிறகு பராமரிப்புக் கூட்டத்தில் சண்டையும் வரும். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம், மின்வாகனச் சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு கேட்கும் உரிமையை வீட்டுக்காரருக்குத் தருகிறது. சங்கம் மறுக்கும் இடத்தில் இந்தத் திருத்தத்தைக் காட்டலாம். தனி இணைப்பு வாங்கும் முன் அது எந்தக் கட்டண வகையில் வரும் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி கைக்கு வரும் நாளில் ஆர்.சி. விவரத்தைத் திறந்து எரிபொருள் என்ற இடத்தில் மின்சாரம் என்று பதிவாகியிருக்கிறதா, வரித் தொகை பூஜ்யமா என்று பாருங்கள். எண் பலகை பச்சையில் வெள்ளை எழுத்தாக இருக்க வேண்டும். வாடகைக் காருக்குப் பச்சையில் மஞ்சள். வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டு விலக்கு கூடவே வராது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும், அங்குள்ள வரி பொருந்தும். கர்நாடகம் 2024இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார கார்களுக்கு 10 சதவீத வரியைக் கொண்டுவந்தது. கேரளத்தில் 2025இலிருந்து விலைக்கேற்ப 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கிறது.